வைத்திலிங்கம் வீட்டு ஊமைக் கம்ப்யூட்டர்

அத்தியாயம் 3

என் மருமகள் வெண்மதி ஓட்டுகிற ஸ்கூட்டியின் பின் இருக்கையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துதான் போவேன். கம்பியைப் பிடிக்க மாட்டேன். சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற குஞ்சிதபாதம், ஒரு பெண்பிள்ளையின் வண்டியில் எதையோ பிடித்துக்கொண்டு போனார் என்று டவுன்ஷிப்பில் யாரும் பேசிவிடக் கூடாது.

“மாமா, முன்னாடி ஸ்பீடு பிரேக்கர். கம்பியப் புடிக்கிறீங்களா, இல்ல கவுரவத்தையே புடிச்சிக்கிறீங்களா?”

“நீ ரோட்டைப் பார்.”

பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் ஏற்றினாள். நான் இருக்கையை விட்டு எழும்பி, அதே நிமிர்ந்த நிலையில் திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு நான் சில விசாரணைகளை எடுத்துச் செய்கிறேன். தொலைந்த சைக்கிள், மாப்பிள்ளையின் குணம், மாயமான கேஸ் சிலிண்டர், இப்படி. வெண்மதி எனக்கு உதவி. கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவள். வாய் அதிகம். ஆனால் இன்றைய வழக்கு வெளியார் வழக்கு அல்ல. என் குடும்பத்தின் பெயரே கூண்டில் நிற்கிறது.

என் தங்கை மகன் அன்புச்செல்வன் மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் ஃபோர்மேன் வைத்திலிங்கத்தின் மகள் இசைப்பிரியாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ‘தானே’ புயல் அடித்துக் கரண்ட் போனபோது, டவுன்ஷிப்பில் பாதிப்பேர் வாடகை ஜெனரேட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் நினைத்தபடி கரண்டைக் கொடுத்தது. கம்ப்யூட்டர்கள் வரிசையாக உயிரை விட்டன. வைத்திலிங்கம் வீட்டுப் பெட்டியும் அதில் ஒன்று. வருங்கால மருமகன் கடைக்கே அனுப்பினார். மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி அன்பு புதுசு மாட்டித் திருப்பி அனுப்பினான்.

திரும்பி வந்த பெட்டி பேசவில்லை. பாடவில்லை. இண்டர்நெட் வரவில்லை. எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. வைத்திலிங்கத்தின் மச்சான் பழனிவேல் சேத்தியாத்தோப்பில் இதே தொழில் செய்பவன். அவன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது பழைய போர்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். புது போர்டைக் காட்டிப் பழைய போர்டை மாட்டியவன் திருடன். திருடனுக்குப் பெண் கிடையாது. இன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு நிச்சயத்தை நிறுத்தப்போவதாக வைத்திலிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் வம்சத்தில் முட்டாள்கள் உண்டு. குறட்டை விடுகிறவர்கள் உண்டு. திருடன் கிடையாது.

இருபத்து நாலாவது பிளாக்கில் வைத்திலிங்கத்தின் குவார்ட்டர்ஸ். தீபாவளிக்கு முன்புதான் அவருக்கு இந்தப் பெரிய வீடு கிடைத்தது. வாசலில் புயலில் சாய்ந்த வேப்பமரத்தை வெட்டிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலை நாங்கள் சுற்றிக்கொண்டு போய்ச் சேருகிற வரைக்கும் அவர் ‘வாங்க’ என்று சொல்லாமலே நின்றார். படியேறிய பிறகு வேறு வழியில்லாமல் சொன்னார்.

“வாங்க. ஷிப்ட் முடிஞ்சி இப்பதான் வந்தேன். சீக்கிரமா பாத்துட்டு சொல்லிடுங்க. எனக்கு போன் பண்ற வேலை இருக்குது.”

“நாங்கள் பார்த்து முடித்த பிறகு நீங்கள் வேறு மாதிரி போன் செய்ய வேண்டியிருக்கும்” என்றேன்.

ஹாலில் எனக்காக ஒரு இரும்பு நாற்காலி போட்டிருந்தது. அதன் முதுகில் வெள்ளை பெயிண்டில் ‘11/46’ என்று எழுதியிருந்தது. அவர்கள் முன்பு குடியிருந்த பதினோராவது பிளாக் வீட்டின் எண். உட்கார்ந்தேன். எதிரே ஒரு ஸ்டூல், அதிலும் 11/46. இடது பக்கம் தண்ணீர் டிரம், 11/46. வலது காலுக்கு அருகில் ஒரு பாத்ரூம் பக்கெட், மக் சகிதம், இரண்டிலும் 11/46. ஹாலில் பக்கெட் வைக்கிற குடும்பத்திலா பெண் எடுக்கிறோம் என்று எனக்குச் சற்று யோசனையாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பெண் கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்ததால் அதைச் சொல்லவில்லை.

இசைப்பிரியா சமையலறை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். “வாங்க பெரியப்பா. வாங்க அக்கா.” அப்பாவின் பார்வை பட்டதும் உள்ளே போய்விட்டாள்.

மூலையில் மேஜை மேல் குற்றம் சாட்டப்பட்ட பெட்டி இருந்தது. கூட்டுறவுப் பண்டகசாலையில் லோன் போட்டுக் கொடுத்தார்களே, அந்தக் கறுப்புப் பெட்டி. டவுன்ஷிப்பில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அதேதான் இருக்கும்.

வெண்மதி அதைத் தட்டி எழுப்பினாள். திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள்.

“மூணு மஞ்சள் குறி மாமா. சவுண்டு, நெட்வொர்க், டிஸ்ப்ளே. மூணுக்கும் டிரைவர் இல்ல.”

“புரியும்படி சொல்.”

“போர்டுல இருக்கற ஒவ்வொரு பாகத்துக்கும் அதோட பாஷை தெரிஞ்ச ஒரு புரோகிராம் வேணும். அதுதான் டிரைவர். போர்ட மாத்துனா அதையும் புதுசா போடணும். போர்டு டப்பாவுக்குள்ளயே ஒரு சிடி குடுப்பாங்க.”

“குடுத்தான், குடுத்தான்” என்றார் வைத்திலிங்கம். புது டப்பாவையும் சிடியையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தார். “அந்தப் பையன் டப்பாவெல்லாம் பளபளன்னுதான் அனுப்பினான். உள்ள இருக்கற சரக்குதான் பழசு. சிடியப் போட்டுப் பாரும்மா. என்னா சொல்லுதுன்னு பாரு.”

வெண்மதி போட்டாள். சிடி சுற்றியது. முனகியது. பிறகு, இந்தக் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டது.

“பாத்தீங்களா? சிடிக்கே வெக்கமா இருக்குது” என்றார் அவர்.

வெண்மதி பெட்டியின் பக்கத் தகடைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். டப்பாவின் மேலிருந்த மாடல் எண்ணையும் போர்டில் அச்சடித்திருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

“மாமா, பழனிவேல் சொன்னது நெசம்தான். இது வேற மாடல். பழைய போர்டு. மூலையில துருகூட இருக்குது.”

வைத்திலிங்கம் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். “அப்ப நான் ஆரம்பிக்கவா?”

“வையுங்கள்” என்றேன். பாதுகாப்புப் பிரிவில் இருந்தபோது கேட் பாஸ் இல்லாத லாரியை நிறுத்திய குரல். போன் தானாகவே பைக்குள் போனது.

நான் வாசலுக்கு வந்து அன்புச்செல்வனைக் கூப்பிட்டேன்.

“மாமா, புதுசுதான் மாட்டுனேன் மாமா. என் கையால மாட்டுனேன். கடையில இருக்கற ஹார்ட் டிஸ்க்க சொருகி, டிரைவர் எல்லாம் போட்டு, பாட்டு வெச்சிக்கூட பாத்துட்டுதான் அனுப்புனேன். எங்கம்மா மேல சத்தியம்.”

“என் தங்கையை இதில் இழுக்காதே. கடை டிஸ்க் எதற்கு? அவர்கள் டிஸ்க் எங்கே?”

“நீங்கதானே மாமா சொன்னீங்க? குடும்பத்துப் படம் இருக்கற டிஸ்க் எதுவும் நம்ம கடைப் படி ஏறக் கூடாதுன்னு. கடையில போர்டே எழுதி மாட்டியிருக்கேனே. எல்லாரும் டிஸ்க்கக் கழட்டி வூட்ல வெச்சிட்டு வெறும் பொட்டியதான் கொண்டாறாங்க.”

நினைவிருந்தது. ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு கடைக்காரன் வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படங்களை வேடிக்கை பார்த்தான் என்று கேள்விப்பட்டு, நான்தான் அந்த விதியைப் போட்டேன். நல்ல விதி.

“பெட்டியை யார் கொண்டுபோய்க் கொடுத்தது?”

“லோடு ஆட்டோ தங்கராசு அண்ணன். அன்னைக்கு ரெண்டு பொட்டி அவர்கிட்டதான் குடுத்தனுப்புனேன்.”

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, அன்பு சொன்னதை வெண்மதியின் காதில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வைத்திலிங்கம் மேஜையின் ஓரத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஃபோர்மேன் அவர்களே, ஒரு கேள்வி. ஒருவன் பழைய போர்டை மாட்டி ஏமாற்ற நினைக்கிறான். பழைய போர்டுக்கு உரிய சிடியை அவன் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

அவர் யோசித்தார். வெண்மதி பதில் சொன்னாள். “எல்லாம் ஓடியிருக்கும். பாட்டும் வந்திருக்கும். சார் பொட்டியத் தொறக்க ஆளே கூப்பிட்டிருக்க மாட்டாரு.”

“ஆக, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிற சிடியை டப்பாவில் போட்டு, மாமனார் வீட்டுக்கே அனுப்புகிற திருடன். எங்கள் வம்சத்தில் முட்டாள்கள் உண்டு என்று நானே ஒப்புக்கொள்வேன். இந்த அளவுக்கு இல்லை.”

“அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? போர்டு பழசு. அது நெசம்.”

நான் ஹாலைப் பார்த்தேன். நாற்காலி, ஸ்டூல், டிரம், பக்கெட், மக். மேலே மின்விசிறியின் இறக்கையில்கூடச் சின்னதாக 11/46. மானிட்டரின் முதுகில் 11/46. கீபோர்டின் அடியில் 11/46.

“உங்கள் வீட்டில் எண் எழுதாத பொருள் ஏதாவது உண்டா?”

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. “இருக்காது சார். எம் பொண்ணு காதுகுத்துக்குப் பந்தல்ல போட நாற்காலி குடுத்தேன். அதுல பாதி திரும்பல. வந்ததும் அடுத்தவன் வூட்டு ஒடஞ்ச நாற்காலி. இந்த ஊர்ல எல்லா வூடும் ஒண்ணு போல, எல்லா சாமானும் ஒண்ணு போல. அன்னைலேர்ந்து வூட்டுக்குள்ள எது வந்தாலும் மொதல்ல பெயிண்டு, அப்புறம்தான் பூஜை.”

“கம்ப்யூட்டருக்கும்?”

“அதுக்குத்தான் மொத வேலையா அடிச்சேன். லோன்ல வாங்குனதாச்சே. இதோ பாருங்க, பக்கவாட்டுல...”

அவர் விரல் கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய் நின்றது. அந்தப் பக்கம் வெறும் கறுப்பு. மறுபக்கம் பார்த்தார். அதுவும் கறுப்பு. பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சொரண்டிட்டானா?” என்றார். “பெயிண்டக்கூட விடலியா அந்தப் பையன்?”

“தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தடவிப் பாருங்கள்.” நான் எழுந்தேன். “போர்டை யாரும் மாற்றவில்லை ஃபோர்மேன். பெட்டியே மாறியிருக்கிறது. இது உங்கள் வீட்டுப் பொருளே அல்ல.”

வெண்மதி விரலைச் சொடுக்கினாள். “டிஸ்க்கு! சார் அவர் டிஸ்க்க எடுத்து இந்தப் பொட்டியில மாட்டுனாரு. ஸ்கிரீன்ல அவங்க வூட்டுப் படம், அவங்க ஃபைல் எல்லாம் வந்துச்சி. அப்புறம் யாருக்கு சந்தேகம் வரும்? மாமா, உங்க ரூலால கடையில ரெண்டு பொட்டி தலை இல்லாம நின்னுகினு இருந்திருக்கு. எது யாருதுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

“விதியில் குறை இல்லை” என்றேன்.

“இல்லவே இல்ல மாமா. பொட்டிங்க மேலதான் குறை.”

வைத்திலிங்கம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. “பொட்டி மாறிச்சின்னா என் பொட்டி எங்க? அதக் கொண்டாந்து கண்ணுல காட்டுங்க. விளக்கு வைக்கறதுக்குள்ள. இல்லன்னா என் போன் என் கையில.”

தங்கராசுவின் லோடு ஆட்டோ பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை நிழலில் நின்றது. தங்கராசு பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர். ஆட்டோவின் பின்பக்கத் தகட்டில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். பன்னை மட்டும் கீழே வைக்கவில்லை.

“அன்பு கொடுத்த இரண்டு பெட்டிகளை எங்கே கொடுத்தாய்?”

“எங்க குடுக்கணுமோ அங்கதான் சார் குடுத்தேன்.”

“அன்பு என்ன சொன்னான்?”

“தம்பி ஏதோ சொல்லிச்சி சார். ஒண்ணு பதினொண்ணாவது பிளாக்கு நாப்பத்தாறு, நிஜாமுதீன் பாய் வூடு. இன்னொண்ணு இந்தப் புது டப்பாவோட இருபத்து நாலுக்குன்னு. எந்தப் பொட்டி எதுன்னும் சொல்லிச்சி. அந்நேரம் பாத்து பஸ்காரன் ஹாரன் அடிச்சிகினே இருந்தான். நான் எதுக்கு வாய் பேச்ச நம்பணும்? ஒரு பொட்டி மேலயே பதினொண்ணு நாப்பத்தாறுன்னு பெரிசா எழுதியிருந்துது. அத அங்க குடுத்தேன். நம்பர் இல்லாததையும் டப்பாவையும் இருபத்து நாலுல குடுத்தேன்.” அவர் பன்னை ஒரு கடி கடித்தார். “இருவத்தஞ்சி வருசமா இந்த டவுன்ஷிப்ல லோடு அடிக்கிறேன். கட்டில், பீரோ, கிரைண்டர்... நம்பர் பாத்து எறக்குவேன். ஒரு நாளும் தப்பானதில்ல.”

“ஒரு நாள் ஆகியிருக்கிறது.”

“அப்ப எழுதுனவன் தப்பு சார். வூடு மாறுனா நம்பர அழிக்கணுமா, வாணாமா?”

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வெண்மதி ஸ்கூட்டியைக் கிளப்பியபடி, “இவரு உங்களவிட நிமிந்து நிக்கிறாரு மாமா” என்றாள்.

பதினோராவது பிளாக் நாற்பத்தாறு. வைத்திலிங்கம் காலி செய்த பிறகு கம்பெனி பஸ் டிரைவர் நிஜாமுதீனுக்கு ஒதுக்கிய வீடு. அவர் டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி மஹ்மூதா கதவைத் திறந்தார். கையில் சிலேட்டும் பல்பமும் இருந்தன.

“வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதோ?” என்று கேட்டேன்.

“இல்ல சார். இது எனக்கு. உள்ள வாங்க, என் தம்பி லைன்ல இருக்கான்.”

உள்ளே கம்ப்யூட்டர் திரையில், பெரிய பெரிய சதுரங்களாகச் சிதறிய ஓர் இளைஞன் வாயசைத்துக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. மஹ்மூதா சிலேட்டில் ‘ஆள் வந்திருக்கு, அப்புறம் பேசு’ என்று எழுதிக் காட்டினார். அவனும் ஒரு காகிதத்தில் ‘யார்?’ என்று எழுதிக் காட்டினான். ‘தெரியல’ என்று இவர் எழுதினார்.

“துபாய்ல இருக்கான் சார். நெட்டு குச்சியச் சொருகுனா படம் வருது, சத்தம் வர மாட்டேங்குது. பழைய போர்டுதான் போடச் சொன்னோம், பழசுன்னா ஊமையாத்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டோம். வைத்திலிங்கம் சாருதான் அந்தக் கடையக் காட்டுனாரு. கறிவேப்பில பறிக்க வந்தப்ப சொன்னாரு. அவர் வெச்ச மரமாச்சே, வந்து பறிச்சிப்பாரு.”

வெண்மதி அந்தப் பட்டியலைத் திறந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதே மூணு மஞ்சள் மாமா! அங்க மூணு, இங்க மூணு.”

நான் மேஜைக்கு அடியில் குனிந்தேன். முதுகை வளைக்காமல் குனிவது எப்படி என்பது பழகினவர்களுக்குத் தெரியும். கறுப்புப் பெட்டி. பக்கவாட்டில், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி வெள்ளை பெயிண்டில் 11/46.

“அம்மா, இது உங்கள் பெட்டி அல்ல.”

மஹ்மூதா என்னை இரக்கத்தோடு பார்த்தார். “எங்க வூட்டு நம்பர் போட்டிருக்கே சார்!”

“கடைக்குக் கொடுத்தபோது போட்டிருந்ததா?”

“இல்ல. கடைக்காரத் தம்பி எழுதி அனுப்பியிருக்கு. ரிப்பேரும் பண்ணி, தொலையாம இருக்கணும்னு நம்பரும் போட்டுக் குடுத்திருக்கே, என்னா நல்ல புள்ளன்னு அந்தத் தம்பிக்காகத் துவாகூட செஞ்சேன்.”

டவுன்ஷிப்பில் அன்புச்செல்வனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாள். காரணம் தப்பாக இருந்தாலும் எனக்குச் சற்றே தெம்பு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வெண்மதி பெட்டியைத் திறந்து, நிஜாமுதீன் வீட்டு டிஸ்க்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க பொட்டிய இன்னைக்கே கொண்டாந்து குடுத்துடறோம் அக்கா. அதுக்குன்னு ஒரு சிடி கடையில இருக்கும். போட்டதும் தம்பி கொரலு வந்துடும்.”

“மெதுவா கொண்டாங்க. அவன் வாயத் தொறந்தாலே எங்க வூட்டுக்காரரப் பத்திதான் கேப்பான். சிலேட்டுன்னா சுருக்கமா முடியுது.”

திரும்பும்போது பெட்டி என் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன்.

“மாமா இன்னைக்குத்தான் எதையோ புடிச்சிகினு வராரு” என்றாள் வெண்மதி, கம்பெனி பஸ்ஸுக்கு வழி விட்டபடி.

“இது தடயம். தடயத்தைப் பிடிக்கலாம்.”

வைத்திலிங்கம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். செல்போன் கையில். பெட்டியின் பக்கவாட்டை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே பார்க்கிற மனிதனின் முகம் அது. வழி விட்டார்.

வெண்மதி அவருடைய டிஸ்க்கை அந்தப் பெட்டியில் மாட்டினாள். புது டப்பாவின் சிடியைப் போட்டாள். இந்தத் தடவை சிடி முனகவில்லை. ‘சம்மதமா’ என்று கேட்டது. வெண்மதி சம்மதம் என்று தட்டினாள். பட்டியலில் இருந்த மஞ்சள் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. திரை ஒரு தடவை இருண்டு, எழுத்துகள் ஒழுங்கான அளவில் வந்து உட்கார்ந்தன. பிறகு ஸ்பீக்கரிலிருந்து கணீரென்று ஒரு மணி ஒலித்தது. வைத்திலிங்கம் துள்ளி ஓரடி பின்னால் போனார்.

“சத்தத்த மொத்தமா ஏத்தி வெச்சிருக்கீங்க சார்” என்றாள் வெண்மதி. “ஊமைன்னு நெனச்சி திருகியிருப்பீங்க.”

அவர் ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். “சரி. ஆனது ஆச்சி. தங்கராசு பண்ண வேல. ஞாயித்துக்கெழம காலைல எல்லாரும் வந்துருங்க. தட்டு மாத்திக்கலாம்.”

அவ்வளவுதான். திருடன் என்று சொன்ன வாய், மழை விட்டது என்று சொல்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டது.

நான் எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன்.

“உங்கள் யோசனை முடிந்தது. இனி நாங்கள் யோசிக்க வேண்டும்.”

“மாமா...” என்று வெண்மதி இழுத்தாள்.

“எங்கள் பையனைத் திருடன் என்று ஷிப்டில் சொல்லியாயிற்று. பஸ்ஸில் சொல்லியாயிற்று. சேத்தியாத்தோப்பு வரை செய்தி போய்விட்டது. இந்த வீட்டில் அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தாய்மாமன். நான் நிற்காமல் தட்டு மாறாது.”

“அதுக்கு இன்னா பண்ணச் சொல்றீங்க?” வைத்திலிங்கத்தின் முதுகும் நிமிர்ந்தது. “உங்க கடையிலேர்ந்து வந்த பொட்டி தப்பு. நான் போயி மன்னிப்பு கேக்கணுமா? முப்பது வருஷ சர்வீஸ்ல ஜெனரல் மேனேஜர்கிட்டயே கேட்டதில்ல.”

“நானும் யாருக்கும் வணங்கியதில்லை.”

இரண்டு பேரும் ஹாலின் நடுவில் எதிரெதிரே நின்றோம். வெண்மதி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் டிரைவர் இல்ல” என்று முணுமுணுத்தாள்.

அப்போது இசைப்பிரியா சமையலறையிலிருந்து வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, குனிந்து, பக்கெட்டை எடுத்தாள்.

“ஒரு நிமிஷம் பெரியப்பா. இத உள்ள வெச்சிட்டு வந்துடறேன். காலைலேர்ந்து குளிக்காம இருக்கேன்.”

“இது ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அதுவரை கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

“நீங்க பாக்கணும்னுதான்.”

வெண்மதி தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க என்று எனக்குத் தெரியும்.

“பொட்டி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும் பெரியப்பா. நம்பர் இல்லியேன்னு அப்பாகிட்ட சொல்ல வந்தேன். ‘கல்யாணத்துக்கு முன்னாடியே அவனுக்கு வக்காலத்தா’ன்னு வாய அடைச்சிட்டாரு. பழனிவேல் மாமா சொன்னா கேப்பாரு, நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் வூட்ல நம்பர் போட்ட சாமானெல்லாம் உங்களச் சுத்தி வெச்சேன். அப்பா ஷிப்ட்லேர்ந்து வந்து, டிரம் ஏன் ஹால்ல இருக்குதுன்னு கேட்டாரு. உள்ள தண்ணி ஒழுகுதுன்னேன். பக்கெட்டப் பாத்தும் உங்களுக்குப் புரியலன்னா கேஸ் சிலிண்டர உருட்டிகினு வரலாம்னு இருந்தேன்.”

முப்பது வருஷம் பாதுகாப்புப் பிரிவில் இருந்த என்னை ஒரு பெண் பக்கெட்டை வைத்து வழிநடத்தியிருக்கிறாள்.

“உனக்குத் தெரியுமா?” என்று வெண்மதியிடம் கேட்டேன்.

“மக்கப் பாத்தப்பவே சந்தேகம் வந்துது மாமா. நீங்க அழகா கண்டுபுடிச்சிகினு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

இசைப்பிரியா பக்கெட்டைக் கீழே வைத்தாள். குரல் தணிந்தது.

“அப்பா, எனக்கு அவரத்தான் கட்டிக்கணும். நாலு பேர் திருடன்னு சொன்னப்பகூட அவரு உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல. அதுக்காக நான் இந்த வூட்டு டிரம்ம தனியா நவுத்தியிருக்கேன். தண்ணியோட. இப்ப நீங்க ரெண்டு பேரும் நிமிந்து நின்னு இத நிறுத்தப்போறீங்கன்னா, என்னால இதுக்கு மேல எதையும் நவுத்த முடியாது.”

சொல்லிவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ செய்தி வாசித்தார்கள். தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

வைத்திலிங்கம் செல்போனை எடுத்தார். என் பக்கம் திரும்பாமல் எண்ணைத் தட்டினார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர்களில் யாரையாவது கூப்பிட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். என் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அலோ... மாப்ள. நான்தான், மாமா பேசறேன்.”

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

“லைன்ல இருக்கீங்களா மாப்ள? பொட்டி நல்லா பாடுது. நீங்க மாட்டுனது புதுசுதான். நான்... இங்க பழனிவேலு ஏதோ ஒளறிட்டான். அவன நான் பாத்துக்கறேன். நீங்க ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துருங்க. வேட்டிதான் கட்டணும்னு இல்ல. பேண்ட்டு போட்டுகினுகூட வாங்க.”

போனை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஜன்னல் வழியாக வேப்பமரக் குவியலைப் பார்த்தார். இசைப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தோளிலிருந்து துண்டை எடுத்து மடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“மாமா, உக்காந்துட்டீங்க!” என்றாள் வெண்மதி.

“கால் வலிக்கிறது” என்றேன்.